கூச்சம்

வெயிலைப் பார்த்தாற் கண் கூசுகிறது. புளியங்காயைக் கடித்தாற் பல் கூசுகிறது. விலாவிலே விரல் பட்டாற் கூச்சம். சபையிலே எழுந்து பேசவும் கூச்சம். பொய்யனைக் கண்டால், 'நாக்கூசாமற் சொல்லுறானே' என்று வைகிறோம். உடம்பின் கூச்சம் எங்கே முடிகிறது, மனத்தின் கூச்சம் எங்கே தொடங்குகிறது? தமிழ் அங்கே வேலி போடவில்லை.

இது பழைய பழக்கந்தான். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், நகை, அழுகை முதலிய எட்டைச் சொன்னபின், வேறு 32ஐயும் அடுக்குகிறது. அந்த வரிசையிலே நாணுதல் உண்டு. வியர்த்தலும் நடுக்கமும் உண்டு. மனத்தில் நிகழ்வது மெய்யிலே தோன்றுவதுதானே மெய்ப்பாடு! சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் நாணுதலையும் உடல் கூசுதலையும் 'கூசு' என்ற ஒரு சொல்லின் கீழேயே வைத்தது. அறிவியற் பாடநூல்களுக்கு 'உணர்திறன்' என்றொரு சொல் பின்னர் வந்தது. கருவிகளுக்கு அது பொருந்தும். கல்யாணப் பெண்ணுக்குப் பொருந்தாது.

ஆனால் இந்தச் சொல்லுக்குக் கொழும்பிலே வேறொரு வேலையும் வாய்த்தது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன்பின் நெடுங்காலம், காலி வீதி பஸ்ஸிலே நம்மவர் பலர் குரலைத் தாழ்த்தியே தமிழ் பேசினர். பொட்டை அழித்துவிட்டு ஏறிய பெண்களும் உண்டு. 'ஏனம்மா மெல்லக் கதைக்கிறீங்கள்?' என்று பிள்ளை கேட்டால், 'ஆக்களுக்கு முன்னாலே கூச்சமாயிருக்கு' என்று தாய்மார் மழுப்பினர்.

அது கூச்சமா? அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் அரசர் முதலியோர் என உரைகாரர் விரிப்பர். 1983ஐ அறிந்தவருக்கு இதற்கு மேல் உரை வேண்டுமா? நாணுதலும் வெரூஉதலும் அந்த 32இலே தனித்தனியே நிற்கின்றன. நாணம் தன் குறையை எண்ணி வருவது. வெருட்சி பிறர் கையை எண்ணி வருவது. தாய் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தாள். பிள்ளை அழாதிருக்க அது உதவியது. அதை நம்பி வளர்ந்த பிள்ளையோ, தன் மொழியே நாணத்தக்கது என்றல்லவா எண்ணியிருக்கும்!

இன்று அதே வீதியிலே ஓடும் பஸ்ஸில் மாணவர் உரத்தே தமிழ் பேசிச் சிரிக்கின்றனர். பக்கத்திலிருக்கும் பாட்டிமார் சிலர்தான், 'மெல்லக் கதை' என்று இன்னும் முழங்கையால் இடிக்கின்றனர்.