புல்லட்டும் பாயும் நானும்

போன வாரம் காலை நடைக்கு வேங்கிக்கால் ஏரிப் பக்கம் போயிருந்தேன். பின்னால் ‘டப்... டப்... டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, பழைய புல்லட். வலது காலில் கியர் போடும் ரகம். ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. என் மனது முப்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

புல்லட் நம் ஊர் வண்டியான கதை பலருக்குத் தெரியாது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம், இங்கிலாந்தின் 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் வந்து சேர, முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே மூடிவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் வளர்ந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது.

இதில் ஒரு விசேஷம். பல பத்தாண்டுகள் அந்த இன்ஜின் பெரிதாக மாறவே இல்லை. 1960இல் தொழில் கற்ற மெக்கானிக், 1990 வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அதனால்தான் ஒவ்வொரு ஊரிலும் ஒரு புல்லட் மெக்கானிக் இருந்தார். திருவண்ணாமலையில் எனக்கு வாய்த்தவர் ஒரு பாய். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் பாய்தான்.

1989இல் வடாற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கொஞ்ச நாளில் எனக்கு இங்கே மாற்றல். ஜவ்வாது மலைக் கிராமங்களும் என் வேலையில் அடக்கம். பஸ்ஸை நம்பினால் ஆகாது என்று பழைய புல்லட் ஒன்று வாங்கினேன்.

ஒரு தடவை பாய் புது கிளட்ச் பிளேட் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் என் பத்து வயது மகன். ஒரு வளைவில் எதிரே பஸ். ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. எப்படியோ ஓரம் ஒதுங்கினோம். பையன் என் சட்டையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு அரைகுறை ஞானம். ‘பெட்ரோல் பத்தவில்லை’ என்று முடிவு கட்டி, கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட்டைப் பெரியதாக மாற்றினேன். பழைய ஆமல் கார்ப்பரேட்டர் ஜெட்டில் ஒரு எண் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் அதன் வழியே ஓடும் என்பதுதான் அந்தக் கணக்கு. எண் கூடினால் பெட்ரோல் கூடும். மலை மேலே காற்று மெலிசு, அங்கே பெட்ரோல் குறைவாகத்தான் வேண்டும். நான் செய்தது நேர் எதிர். பிளக் அடுப்புக்கரி மாதிரி கறுத்துப்போனது. இழுவை மட்டும் வரவில்லை.

கோபம் பாய் மேல் திரும்பியது. நேரே பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னால், “புது பிளேட்டுன்னு காசு வாங்கிட்டு பழசைப் போட்டு ஏமாத்திட்டீங்களே” என்று கத்திவிட்டேன்.

பாய் பதில் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏறும்போது சத்தம் குறைஞ்சுதா சார், ஏறுச்சா?”

“ஏறுச்சு.”

“அப்ப கார்ப்பரேட்டர் இல்ல. பெட்ரோல் பத்தலைன்னா சத்தமும் வேகமும் சேர்ந்து விழும். சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது.”

முதலில் கிளட்ச் லீவரை அசைத்துப் பார்த்தார். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருந்தது, அது சரி. பிறகு செயின் கேஸின் லெவல் ஸ்குரூவைக் கழற்றினார். எண்ணெய் கொட்டியது. விரலில் தொட்டு முகர்ந்தார். “கியர் ஆயில். யாரு ஊத்துனது சார்?”

நான்தான். வீட்டில் மிச்சமிருந்ததை, வீணாகக் கூடாது என்று, லெவல் பார்க்காமல் ஊற்றியிருந்தேன். அந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் அந்த எண்ணெயில்தான் சுற்றும். அளவு கூடினாலோ எண்ணெய் மாறினாலோ பிளேட் பிடிக்காது.

பாய் பிளேட்டுகளை எடுத்துக் காட்டினார். அவர் போட்ட புது பிளேட்தான். பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, பூட்டி, சரியான இன்ஜின் ஆயிலை அளவாக ஊற்றி, பழைய ஜெட்டையும் திரும்ப மாட்டினார். ஆயில் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த நாலு பேரும் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். ‘தப்பு என்மேல்தான் பாய்’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆபீசர் என்ற கௌரவம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பிறகு பத்து வருஷம் அவரிடமே வண்டி விட்டேன், டீ குடித்தேன், பண்டிகைக்குப் பிரியாணி சாப்பிட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. நான் வெளியூரில் இருந்தபோது அவர் மௌத்தான செய்தி வந்தது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது புல்லட்டில் கார்ப்பரேட்டரே கிடையாது. ஜெட் எண் சொன்னால் இந்தக் காலத்துப் பையன்களுக்குப் புரியாது. ஆனால் கிளட்ச் இன்னும் இருக்கிறது. வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள். மெக்கானிக்கைத் திட்டுவதற்கு முன் நாம் என்ன ஊற்றினோம் என்றும் யோசியுங்கள்.

தப்பு என்மேல்தான் பாய். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.