வெலிங்டன் தந்த கோல் கீப்பர்

பீட்டர் தங்கராஜ் எங்கள் ஆள் என்று கல்கத்தாக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் பிறந்தவர் என்று ஹைதராபாத்காரர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் கோல் கீப்பர் ஆனது நம் மலையில். 2024-ல் 'மைதான்' இந்திப் படம் வந்தபோது, "இந்தத் தங்கராஜ் யாரப்பா?" என்று என்னைக் கேட்டவர்கள் கோத்தகிரி நண்பர்கள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தங்கராஜ் பிறந்தது 1935-ல். செகந்திராபாத்தில் சிறு கிளப்புகளுக்கு ஆடிவிட்டு, 1953-ல் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில், அதாவது நம் எம்.ஆர்.சி.யில் சேர்ந்தார். அரவேணுவிலிருந்து குன்னூர் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் இருக்கும். வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் போடும் ஆளைக் கோல் தடுக்க நிறுத்தினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை, பந்தை எதிரணிப் பாதிக்குள் உதைத்துத் தள்ளும் கால். வெலிங்டன் மழையில் ஊறிய அந்தக் காலத் தோல் பந்து எவ்வளவு கனக்கும் என்பது உதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைப் பிடித்துப் பழகியவருக்கு டில்லியில் பிடிப்பது எளிதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணக்கு.

இரண்டே வருடம். 1955-ல் எம்.ஆர்.சி. டூராண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் மறுபடியும். நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை, நம் வெலிங்டன் பட்டாளத்திடம் இரண்டு முறை! 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயரும் வந்தது.

அந்த நாளில் பந்தாடினால் சம்பளம் வரும் என்று சொல்ல முடியாது. பட்டாளம், ரயில்வே, துறைமுகம் என்று ஒரு வேலை இருந்தால்தான் ஆட்டம். பட்டாளத்தை விட்டுத் தங்கராஜ் கல்கத்தா போனார். முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு மோகன் பகான், அதன்பின் ஈஸ்ட் பெங்கால். அங்கே ஒரு கிளப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வரும். இவர் மூன்றிலும் ஆடி மூன்றிலும் பேர் வாங்கினார்.

அவர் வாழ்க்கையின் பெரிய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. இஸ்ரேல், தைவான் அணிகளை வரவிடாத விவகாரத்தில் ஜி.டி.சோந்தி பேசிய பேச்சால் ஊரே இந்தியர்கள் மேல் கோபமாக இருந்தது. லட்சம் பேர் கூடிய அரங்கில் நமக்கு ஆதரவாகக் கத்தியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் உண்டு! முந்தைய ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜுக்குக் காய்ச்சல். இருந்தும் பயிற்சியாளர் ரஹீம் அவரைத்தான் இறக்கினார். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல், பி.கே.பானர்ஜி ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. 2-1, தங்கம். 1967-ல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவை விட்டார். கோவாவில் வாஸ்கோ கிளப்புக்குப் பயிற்சியாளர், அலிகர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர், கடைசியில் எஃகு ஆலை ஊரான பொக்காரோ. ஒலிம்பிக் பார்த்த மனிதர் ஆலைக் குடியிருப்பு மைதானத்தில் பையன்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். ரசிகர்கள் வீரரைத்தான் நினைவில் வைப்பார்கள். பயிற்சியாளரை யார் பார்க்கிறார்கள்? என்னைக் கேட்டால், ஜகார்த்தா வெற்றிக்குச் சற்றும் குறைந்ததில்லை அந்தப் பிற்பாதி.

2008 நவம்பர் 24 அன்று பொக்காரோவிலேயே காலமானார். தங்கராஜ் கோல் காத்த 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் பிறகு, இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. அத்தனை வருடம் அவர் தேய்த்து உருவாக்கிய பையன்களில் ஒருவனுக்கும் அந்த வாசல் திறக்கவில்லை.