மீண்டும் நிற்க முடியாத பிரதிநிதி: ஜே.என்.யூ. மாணவர் சங்கமும் லிங்டோ விதிகளும்

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் வாக்கு இரு தளங்களில் விழுகிறது. தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலர், இணைச் செயலர் ஆகிய நால்வரையும் எல்லா மாணவர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கத்தின் மன்றத்தில் அமரும் கவுன்சிலர்களை அந்தந்தப் புலத்தின் மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலை நடத்துவதும் மாணவர்களைக் கொண்ட ஆணையமே.

கவுன்சிலர் யாருடைய ஆள்? புலத்தின் ஆள் என்கிறது விதி. ஆனால் விடுதிக் கட்டணம், உதவித்தொகை, சேர்க்கையில் இடஒதுக்கீடு போன்ற பிரச்சினைகள் எந்தப் புலத்தின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. வாக்காளரும் பெரும்பாலும் வேட்பாளரின் மாணவர் அமைப்பைப் பார்த்தே வாக்களிக்கிறார். இதைக் கட்சி அரசியலின் ஊடுருவல் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

பிரதிநிதித்துவம் குறித்து 1967இல் ஹன்னா பிட்கின் எழுதிய நூல், பிரதிநிதிக்கு அதிகாரம் அளிப்பதையும் அவரிடம் கணக்குக் கேட்பதையும் பிரித்துக் காட்டியது. சட்டமன்றங்களில் கணக்குக் கேட்கும் கருவி அடுத்த தேர்தல்தான். மறுபடியும் வாக்குக் கேட்டு வர வேண்டும் என்ற அச்சம் உறுப்பினரை ஓரளவு கட்டுக்குள் வைக்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகள் மாணவர் தேர்தலில் அந்தக் கருவியைப் பிடுங்கிவிட்டன. நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறை. ஓராண்டுப் பதவியில் வாக்குறுதியைக் கைவிட்ட தலைவரைத் தோற்கடிக்க மாணவருக்கு வாய்ப்பே கிடையாது. அவர் சார்ந்த அமைப்பு மட்டும் அடுத்த ஆண்டும் களத்தில் நிற்கும். தண்டனையோ பரிசோ அதற்குத்தான் கிடைக்கும். கட்சிகளிடமிருந்து மாணவர் தேர்தலைப் பிரிக்க விரும்பிய அதே குழு, அமைப்புகளையே பொறுப்பேற்கும் ஒரே தரப்பாக்கியிருக்கிறது.

நிரந்தர மாணவத் தலைவர்கள் உருவாகாமல் தடுப்பதே ஒருமுறை விதியின் நோக்கம் என்பார்கள். அதற்கு வயது வரம்பும் 75 விழுக்காடு வருகைப்பதிவு நிபந்தனையும் போதும். ஆனால் அந்த வயது வரம்பும் முதலில் இருந்த வடிவில் ஆய்வாளர்கள் நிறைந்த இந்த வளாகத்துக்குப் பொருந்தவில்லை. முதுகலை மாணவர் இரண்டாண்டில் வெளியேறுகிறார். சங்கத்தின் நினைவைச் சுமப்பவர்கள் ஆய்வு மாணவர்கள். 28 வயது என்ற வரம்பு குறிவைத்தது அவர்களைத்தான். லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஜே.என்.யூ. தேர்தலை நிறுத்தியது. ஆய்வாளர் வயது வரம்பு 30ஆகத் தளர்த்தப்பட்ட பிறகு, 2012 மார்ச்சில்தான் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது.

எஞ்சியிருக்கும் கடிவாளம் பொதுக்குழு. மாணவர் எவரும் எழுந்து பேசலாம், நிர்வாகிகளைக் கேள்வி கேட்கலாம், தீர்மானத்தின்மீது வாக்களிக்கலாம். தேர்வு நேரத்தில் கூட்டம் சேராது என்பது அதன் பலவீனம். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. லிங்டோ விதிகளில் முதலில் திருத்த வேண்டியது 5,000 ரூபாய்ச் செலவு வரம்பையோ அச்சிட்ட சுவரொட்டிக்கான தடையையோ அல்ல, இந்த ஒருமுறை விதியைத்தான்.