பல் ஒட்டு மோனோமர்கள்

சொத்தையைச் சுரண்டி எடுத்த குழியில் பல் நிற அடைப்பைப் பிடித்து நிறுத்தும் பிசினின் மூலக்கூறுகள். பல் மருத்துவர்கள் ‘பாண்ட்’ என்று சொல்லும் திரவத்தில் இவை இருக்கும். நீல ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்து இறுகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் உள்ள சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இவற்றின் உழைப்பு கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது.

பல்லோடு ஒட்டும் மோனோமரை 1949-இல் ஸ்விட்சர்லாந்தின் ஆஸ்கர் ஹாகர் உருவாக்கினார். ஈரத்தில் அது நெடுநாள் நிற்கவில்லை.

1955-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் வேறு வழியில் போனார். பெயின்ட் நன்றாகப் பிடிக்க உலோகத்தின்மேல் பாஸ்பாரிக் அமிலம் பூசுவது தொழிற்சாலை வழக்கம். அதே அமிலத்தை 85 சதவீதச் செறிவில் 30 விநாடி பல்லின் மேலோடான எனாமலில் வைத்துக் கழுவி, முன்பற்களில் சின்ன அக்ரிலிக் பொட்டுகளை ஒட்டினார். அமிலம் படாத பல்லில் பொட்டு சராசரியாக 11 மணி நேரமே நின்றது. அமிலம் பட்டதில் 1,070 மணி நேரம். மோனோமரை மாற்றாமல் பல்லை மாற்றிப் பெற்ற வெற்றி இது. 1962-இல் ரஃபேல் போவன் பல் நிற அடைப்புக்கான பிஸ்-ஜிஎம்ஏ பிசினுக்குக் காப்புரிமை பெற்றார்.

எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் ஈரமானது, கொலாஜன் புரதம் நிறைந்தது. அதைப் பிடிக்கும் முயற்சியில் ஜப்பான் முந்தியது. 1978-இல் குராரே நிறுவனம் ஃபீனைல்-பி மோனோமரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொலாஜன் இழைகளுக்குள் பிசின் ஊறிக் கலப்பு அடுக்கு உண்டாவதை 1982-இல் ஆய்வாளர் நாகாபயாஷி காட்டினார். குராரேயின் 10-எம்டிபி மோனோமர் பல்லின் கால்சியத்தோடு வேதிப் பிணைப்புக் கொள்வது. அதில் உண்டாகும் கால்சிய உப்பு நீரில் எளிதில் கரையாது. இன்றைய ‘யுனிவர்சல்’ ஒட்டுகள் பலவற்றின் முதுகெலும்பு இந்த மோனோமரே.

பொதுக் குறை எஸ்டர் பிணைப்பு. இம்மோனோமர்களில் பெரும்பாலானவையான மெத்தாக்ரிலேட்டுகளில் அதுவே இணைப்பு; எச்சில் நீரும் அதிலுள்ள நொதிகளும் அதை மெல்ல அறுக்கின்றன. ஈரத்தில் பரவ உதவும் ஹெமா என்ற மோனோமர் நீரையும் இழுத்துக்கொள்கிறது. கலப்பு அடுக்கின் கொலாஜனை டென்டினிலேயே உள்ள நொதிகள் அரிப்பதாக 2004-இல் ஆய்வாளர் பாஷ்லியின் குழு எழுதியது. அதைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடின் தடவுவது எத்தனை ஆண்டு உதவும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

இந்தியாவில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஒளியில் இறுகும் காம்போசிட் பல் அடைப்பை உருவாக்கியது. கால்சியம் சேர்ந்த கரிம-கனிமக் கலப்புப் பிசின்களிலும் ஆய்வு நடத்தியுள்ளது.

ஃபுளோரைடு மிகுந்த சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சிக்கல் பல்லிலேயே தொடங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது, மாற்று நீர் இல்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களின் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தங்கிவிடும். கறை படிந்த எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. அடிப்பகுதியோ நுண்துளை மிகுந்தது. சாதாரணப் பல்லில் நீலநிற அமில ஜெல்லைக் கழுவி உலர்த்தியதும் சுண்ணாம்பு வெள்ளை தெரியும். கறை படிந்த பல்லில் அந்த வெள்ளை தாமதமாக, திட்டுத்திட்டாகவே வரும். மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு அமிலம் வைப்போரும் உண்டு, நேரத்தை இரட்டிப்பாக்குவோரும் உண்டு. தனி அமிலம் வேண்டாத ஒட்டுகள் இந்தப் பல்லில் போதுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போவதில்லை. கடுமையான கறையில் அமிலத்தை விடாதிருப்பதே பத்திரம் என்று தோன்றுகிறது.

அண்மையில் எஸ்டருக்குப் பதில் அமைடு பிணைப்புள்ள அக்ரிலமைடு மோனோமர்கள் பேசப்படுகின்றன. நீரில் அறுபடுவது குறைவு. சில விற்பனை ஒட்டுகளிலும் அமைடு மோனோமர் சேர்ந்துள்ளது.