தமிழில் உடற்கூற்றுக் கல்வி

மனிதன் உடலோடு பிறந்து, உடலோடு வாழ்ந்து, உடலோடு மறைகின்றான். எனினும் அவ்வுடலினுள் நிகழ்வனவற்றை அவன் முறையாக அறியும் இடம் பள்ளியே ஆகும். அவ்வறிவை அவன் எம்மொழியில் பெறுகின்றான் என்பது சிறிய வினாவன்று. பள்ளியில் பெற்ற அறிவு இல்லத்திற்குச் சென்று சேருமா, சேராதா என்பதை அவ்வினாவே முடிவு செய்கின்றது.

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் திகாம் பத்து. ரப்பர் மரமும் செம்பனையும் வளர்ந்த மண் அது. இவ்வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் மாணவன் ஆறாண்டுகள் தமிழில் பயின்று, பின்னர் மலாய்மொழி வழி இயங்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றான். அறிவியற் பாடத்தின் பயிற்றுமொழியோ தொடக்கப்பள்ளியிலேயே நிலையாக இருந்ததில்லை. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெற்றன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பெற்றது. பின்னரே படிப்படியாகத் தாய்மொழி மீண்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, அவ்வினாவை மறுபடியும் எழுப்பியது. இதனால், தமையன் ஆங்கிலத்தில் கற்ற இதயத்தைத் தம்பி தமிழில் கற்கவும், பின்னர் அதனையே ‘ஜந்தோங்’ என்று மலாயில் கற்கவும் நேர்ந்தது.

இவ்வினா இன்று புதிதாய் எழுந்ததன்று. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதனை எதிர்கொண்டு, தம் வாழ்நாளையே அதற்கு விடையாக அளித்தார். அவரே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சில் 1822இல் பிறந்த கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847இல் இலங்கை வந்தார். மறு ஆண்டிலேயே மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கி, உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவமும் கற்பிக்கலானார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. ஆயின், ஆங்கிலத்தில் பயின்றோர் பலர் அரசுப் பணியையும் பெருவருவாயையும் நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். நோயுற்ற உழவன் பழைய நிலையிலேயே கிடந்தான். இதனைக் கண்ட கிறீன், மக்களின் மொழியில் பயின்றவனே மக்களிடையே தங்குவான் என்று தெளிந்தார். இடையில் தாயகம் சென்று 1862இல் திரும்பிய அவர், 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அவரிடம் பயின்ற ஏறத்தாழ அறுபது பேருள் பாதிப் பேர் தமிழ் வழியில் மருத்துவராயினர்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? கிறீன் முதலில் கையிலெடுத்த நூல் கல்வின் கட்டர் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய உடற்கூற்று நூலாகும். அது அமெரிக்க நாட்டின் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று எழுதப்பெற்றது. எனவே, தமிழில் நவீன உடற்கூற்றுக் கல்வி ஒரு பள்ளிப் பாடநூலிலிருந்தே தொடங்கியது எனலாம். 1850களில் அச்சேறிய அம்மொழிபெயர்ப்பின் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்பதாகும். அங்காதிபாதம் உடலின் அமைப்பையும், சுகரணவாதம் அதன் தொழிற்பாட்டையும், உற்பாலனம் நலம் பேணும் முறையையும் குறித்தன. பின்னர் அறுவை மருத்துவம் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், வேதியியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. மாணவரும் மொழிபெயர்ப்பில் துணைநின்றமை குறிப்பிடத்தக்கது.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுதல். கிடையாவிடில் வடமொழியை நாடுதல். அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பதே அந்நெறி. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் தமிழ்ப் பணியை நிறுத்தவில்லை. 1884இல் மறைந்த அவருடைய கல்லறையில், அவர் விரும்பியவாறே, தமிழர்க்கு மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்னும் பொருள்படும் தொடர் பொறிக்கப்பெற்றுள்ளது.

அவர் ஆக்கிய சொற்கள் என்னவாயின? அங்காதிபாதம் என்றால் இன்று விளங்கிக்கொள்வோர் அரியர். தமிழகத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல் என்னும் சொற்களும், இலங்கையில் உடற்றொழிலியல் என்னும் சொல்லும் அவற்றின் இடத்தைப் பெற்றன. 1916இல் இராசாசி முதலியோர் சேலத்தில் தோற்றுவித்த அறிவியற் கலைச்சொற் கழகமும், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற் பட்டியலும் புதுச்சொற்களுக்கு வழிவகுத்தன. வடசொல் மிகுதியைத் தமிழுலகம் விலக்கியது ஒரு காரணம். ஆயின் அதனினும் பெரிய காரணம், மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறாது போனமையே. வகுப்பறையில் ஆசிரியன் நாவிலும் மாணவன் நாவிலும் வழங்காத சொல், எத்துணைச் சிறந்த நூலில் இருப்பினும் உறங்கிவிடும். கிறீன் வரலாறு தமிழாசிரியர்க்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.

தமிழில் உள்ள உறுப்புப் பெயர்கள் சிலவற்றை நோக்கினால், அவை பாடமாகவே அமைந்திருத்தல் புலனாகும். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றையும் எண்ணுக. கல்லையும் மண்ணையும் நுரையையும் அடைமொழியாகக் கொண்டவை இவை. தீபாவளிக்கு ஆட்டை அறுக்கக் கண்ட தோட்டத்துச் சிறுவன், நுரையீரலைப் பெயரைக் கொண்டே அடையாளம் காண்பான். காற்று நிறைந்து மென்மையாய் இருக்கும் அவ்வுறுப்பின் தொழிலை அச்சொல்லே பாதி விளக்கிவிடுகின்றது.

மலாய் மொழியோடு ஒப்பிட்டுக் கற்பித்தலும் பயன் தரும். மலாயில் ‘ஹாத்தி’ என்பது கல்லீரல். உணர்ச்சிக்கு உறைவிடமாகப் பேசப்படுவதும் அதுவே. ‘ஜந்தோங்’ என்பதே இதயம். ஹாத்தியை நெஞ்சம் என்று வழக்கிற் கேட்டுப் பழகிய மாணவன், உயிரியல் வகுப்பில் அதனை இதயம் என்று மயங்குதல் கூடும். ‘ஈரக்குலை நடுங்கியது’ என்று நம் மூதாட்டியர் கூறுவதை ஆசிரியர் நினைவூட்டினால் அம்மயக்கம் தீரும். தமிழரும் அச்சத்தை ஈரலில் வைத்துப் பேசியவர்தாமே!

இக்கல்வியால் விளையும் பயன் தேர்வுத் தாளோடு முடிவதன்று. மலேசியத் தமிழர் ‘இனிப்பு நீர்’ என்று வழங்கும் நீரிழிவு, இந்நாட்டு இந்தியரிடையே மிகுதி என்பதைத் தேசிய நல ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தத்தில் மிகும் சர்க்கரை சிறுநீரகத்தின் நுண்ணிய குருதிக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் சிதைக்கின்றது. தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. இதனை நான்காம், ஐந்தாம் படிவ உயிரியல் மாணவன் மலாயிலோ ஆங்கிலத்திலோ நன்கு எழுதிவிடுவான். ஆனால், மருந்தை நிறுத்திவிட்டுக் கால் வீங்கி அமர்ந்திருக்கும் பாட்டிக்கு அதனை அவன் எச்சொற்களால் விளக்குவான்? ‘புவா பிங்காங்’ என்பது சிறுநீரகம் என்று தெரியாத பேரனும், வலியில்லை என்பதால் நோயில்லை என்று நம்பும் பாட்டியும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். இருவர்க்கும் இடையே இல்லாதது அறிவன்று, சொல்லே.

நாட்டுமொழியிலும் உலகமொழியிலும் மாணவன் தேர்ச்சி பெறவேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. அதனோடு, தொடக்கப்பள்ளியில் கற்ற உறுப்புப் பெயர்களை அவன் இழந்துவிடாமற் காத்தலும் கடமையாகும். இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் செய்தல், மலாய்ச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லை ஏட்டில் குறிக்கச் செய்தல், கற்றதை வீட்டு முதியோர்க்கு எடுத்துரைத்து வரச் செய்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத பணிகளே.

கடல் கடந்து வந்த அயல்மொழியாளர் ஒருவர், தமிழுழவனின் நோயைத் தமிழில் பயின்றவனே தீர்ப்பான் என்று நம்பித் தமிழ் கற்றார். தமிழையே தாய்மொழியாய்ப் பெற்ற மாணவன், தன் பாட்டியின் நோயைத் தமிழில் சொல்ல அறியாது நிற்றல் தகுமோ? அவன் நாவில் அச்சொற்களை நிலைநிறுத்துவது தமிழாசிரியர் கையில் உள்ளது.