நடுகல்லும் பெயரும்

மஸ்ஜித் இந்தியாவுக்கு மேற்கே, ஏரிப் பூங்காவை அடுத்து, 1966இல் திறக்கப்பெற்ற தேசிய நினைவுச்சின்னம் உள்ளது. பெலிக்ஸ் டி வெல்டன் வடித்த ஏழு வெண்கல உருவங்கள் அவை. எவரும் தனியாள் அல்லர்; தலைமை, ஒற்றுமை, துணிவு முதலிய பண்புகளே மனித வடிவு கொண்டன.

தமிழரின் நடுகல் மரபோ வேறு. காட்சி முதல் வாழ்த்து வரை தொல்காப்பியம் ஆறு நிலை வகுத்த அக்கல்லில், மாண்டவன் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பெறும். பெயரே அதன் உயிர்நிலை எனலாம்.

1942-43இல் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தோட்டத் தமிழருக்கு அப்பெயர்தான் கிட்டவில்லை. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகள் சுமார் 7,000 பேர் துயில்கின்றனர். பல்லாயிரம் ஆசியத் தொழிலாளருக்கோ புத்த விகாரையொன்றில் பொதுச் சமாதி! அவ்விகாரையில் 2023இல் தமிழர் நடுகல் நாட்டினர். அதில் பொறிக்க வேண்டிய பெயர்களை மலேசியத் தோட்டங்களின் பழைய குடும்பங்களிடமே கேட்டறிதல் வேண்டும்.