போர்தோ நகரும் தமிழகத்து நீலத்துணியும்

பிரான்சு நாட்டுக்குச் செல்லும் தமிழர் பெரும்பாலும் பாரிசு மாநகரைக் கண்டு மீள்வர். கூடுதலாகச் சில நாள் கிடைக்கப் பெற்றோர் தென்மேற்கில் உள்ள போர்தோ நகரையும் தம் பயணத் திட்டத்தில் சேர்த்துக் கொள்வதுண்டு. பாரிசிலிருந்து அந்நகருக்கு 2017-ஆம் ஆண்டு முதல் அதிவேக இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். திராட்சை மதுவின் தலைநகர் என்பதே அந்நகருக்கு உலகோர் தந்துள்ள அடையாளம். அந்த அடையாளத்திற்கு அப்பால், தமிழகத்து நெசவாளரும் சாயக்காரரும் அந்நகரின் வளத்தில் ஒரு பங்கு உடையவர் என்னும் செய்தியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் இயல்பு

கரோன் ஆறு பிறைநிலாப் போல வளைந்து செல்லும் இடத்தில் போர்தோ அமைந்துள்ளது. அதனால் அதன் துறைமுகம் 'நிலாத் துறை' எனப் பெயர் பெற்றது. உரோமானியர் காலத்தில் பூர்திகலா என வழங்கிய இவ்வூர், 1152-இல் அக்கித்தேன் நாட்டு இளவரசி எலியனோர், பின்னர் இங்கிலாந்து மன்னரான இரண்டாம் என்றியை மணந்ததன்பின் ஆங்கிலேயர் ஆட்சியில் மூன்று நூற்றாண்டுகள் இருந்தது. போர்தோ மது இங்கிலாந்துக்குப் பெருமளவில் சென்றதும் அக்காலத்தில்தான். 1453-இல் நகர் மீண்டும் பிரெஞ்சு அரசின்கீழ் வந்தது. ஆற்றங்கரையில் இன்று காண்போர் வியக்கும் மாளிகை வரிசைகளுள் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. 2007-இல் இந்நகர்ப் பகுதி உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இம்மாளிகைகளை எழுப்பிய செல்வம் மதுவால் மட்டும் வந்ததன்று. கடல் வாணிகமும், அவ்வாணிகத்தில் துணியும் பெரும்பங்கு கொண்டிருந்தன.

மது வந்தது, துணி சென்றது

மதுவும் துணியும் ஒன்றற்கொன்று ஈடாகக் கடல் கடந்தமை தமிழகத்திற்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகிய செய்தியை நக்கீரர் புறநானூற்றில் கூறுகின்றார். அம்மது வந்த இருகைப்பிடி மண்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிபுளூசு என்னும் கடற்பயண நூல், 'அர்கரு' என்னும் ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகின்றது. அவ்வூர் சோழர் தலைநகரான உறையூர் என்பது அறிஞர் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை உறையூரில் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அதனைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டி என்று கருதுவர். அரிக்கமேட்டிலும் இத்தகைய தொட்டிகள் கண்டறியப்பட்டன. ஆகவே காவிரிக் கரையில் துணியும் சாயமும் இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்கள் எனலாம்.

திருவரங்கப் போரின் பின்னணி

1664-இல் தோன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி, 1674-இல் புதுச்சேரியில் நிலைகொண்டது. அது இங்கு நாடி வந்த பொருள்களுள் தலையாயது பருத்தித் துணியே. ஐரோப்பியப் பொருள்களுக்கு இங்கே விற்பனை மிகுதியாக இல்லாமையால் துணிக்கு விலையாக வெள்ளியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தரகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணம் தந்து, துணியைத் தரம் பார்த்து, மூட்டைகளாகக் கட்டிக் கப்பலேற்றும் நடைமுறைகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு விரிவாகக் காட்டுகின்றது.

வெள்ளிக்கு மாற்றாக இந்நாட்டு நிலவரியைக் கொண்டே துணி வாங்கலாம் என்று ஆளுநர் தூப்ளே கருதினார். சந்தா சாகிபை அவர் ஆதரித்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அதன் விளைவே 1751-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி முற்றுகை. மலைக்கோட்டை முகம்மது அலியின் கையில் இருந்தது. முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படைத்தலைவர் இலா, 1752-இல் இலாரன்சும் கிளைவும் வந்து சேர்ந்ததும் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். அரங்கன் கோயிலின் மதில்களும் திருவானைக்காவின் மதில்களும் அந்நியப் படைகளுக்கு அரண்களாயின. அவ்வாண்டு சூன் திங்களில் இலா சரணடைந்தார். தஞ்சைப் படைத்தலைவரிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபு தலை கொய்யப்பட்டு மாண்டார். 1754-இல் தூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். திருவரங்கத்து மக்கள் பட்ட துன்பத்திற்கும் துணி மூட்டைகளின் விலைக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு இருந்தது.

நீலத்துணியின் பயணம்

கும்பினியின் தனியுரிமை 1769-இல் நிறுத்தப்பட்டது. போர்தோ வணிகர் இந்தியக் கடல் வாணிகத்தில் நேரடியாக இறங்க அது வழி திறந்தது. அவ்வாணிகத்தில் 'கினே' என்னும் பெயரால் வழங்கிய கருநீலத் துணிக்குத் தனியிடம் உண்டு. பெயர் ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயர், துணியோ தமிழகத்தது. புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் நெய்யப்பட்டு, அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்தெடுக்கப்பட்ட பருத்தித் துணியே அது. அவுரி இலையை நீரில் ஊறவைத்து, அந்நீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்கும் வண்டலைக் கட்டிகளாக்குவர். அக்கட்டியைச் சுண்ணாம்பு நீருடனும் வேகவைத்த தகரை விதையுடனும் சேர்த்துப் புளிக்கவைப்பது தென்னாட்டுச் சாயக்காரரின் முறை. தொட்டியிலிருந்து எடுக்கும்போது பசுமையாகத் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும்.

19-ஆம் நூற்றாண்டில் இத்துணி புதுச்சேரியிலிருந்து போர்தோவின் பண்டகசாலைகளுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு மறு ஏற்றுமதியாயிற்று. செனகல் ஆற்றங்கரையில் மூர் இனத்தார் வேல மரப் பிசினைக் கொடுத்து இதனைப் பெற்றனர். அங்கே ஒரு துண்டு கினே பணமாகவே வழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் இதனைப் போன்ற போலித் துணிகளை அனுப்பியபோது, அம்மக்கள் நிறத்தாலும் மணத்தாலும் தொட்டறியும் உணர்வாலும் உண்மைத் துணியைப் பிரித்தறிந்தனர். தரத்தைக் காக்கப் பிரெஞ்சு அரசு 1843-இல் ஆணையும் பிறப்பித்தது. மொரேல்-புரோம் முதலிய போர்தோ வணிக நிறுவனங்கள் செனகல் வாணிகத்தால் வளர்ந்தவை. இதில் ஒரு முரணும் உண்டு. அப்பிசின் ஐரோப்பாவில் துணிக்கு அச்சிடும் ஆலைகளுக்கே பெரிதும் பயன்பட்டது. தமிழகத்துத் தறிகளை நலிவித்த ஆலைத் தொழிலுக்குத் தமிழகத்துத் துணியே மூலப்பொருள் வாங்கித் தந்தது.

துணிக்கு ஈடாக மனிதர்

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பகுதி ஒன்று உளது. பிசினுக்கு முன்பும் பிசினுடனும் இந்தியத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கும் பொருளாயின. போர்தோவிலிருந்து ஏறத்தாழ 500 அடிமைக் கப்பற் பயணங்கள் புறப்பட்டன. ஒரு இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் அவற்றில் கொண்டு செல்லப்பட்டனர். அந்நகரின் அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் 2009 முதல் இவ்வரலாற்றுக்கெனத் தனிக் கூடங்கள் உள்ளன. போர்தோவை அடுத்த இலாப்ரேது என்னும் ஊரில் பிறந்த மொந்தெசுக்கியே, 1748-இல் வெளியிட்ட தம் நூலில் அடிமை முறையை எள்ளி நகையாடினார் என்பதும் நினையத்தக்கது.

பிரெஞ்சு அரசு 1848-இல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களில் விடுதலை பெற்றோர்க்கு மாற்றாக, 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் சென்று இறங்கினர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய அவர்களுள் தமிழரே மிகுதி. எவரை வாங்க நம் நாட்டுத் துணி பயன்பட்டதோ அவர்தம் பணியிடத்தை நம் மக்களே நிரப்பினர். நெய்தவன் குற்றவாளி அல்லன். தன் துணி எங்குச் சென்று எதற்கு ஈடாகும் என்பதை அவன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இன்று அறிந்தவர்க்கு அதனை மறக்கும் உரிமை இல்லை.

ஆலையும் தொழிலாளரும்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுச்சேரியில் சவானா ஆலை தோன்றியது. நீலத்துணி உற்பத்தி படிப்படியாக இயந்திரங்களின்பால் சென்றது. 1936 சூலை 30-ஆம் நாள் உரிமை கேட்டுப் போராடிய அவ்வாலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் பின்னர் வந்ததற்கு அவர்தம் குருதியும் விலையாயிற்று. துணி வாணிகத்தின் பேரேடுகளில் கப்பலின் பெயர் உண்டு, முதலாளியின் பெயர் உண்டு. தறியில் அமர்ந்தவன் பெயர் இல்லை.

முடிவுரை

போர்தோ செல்லக் கருதுவோர் செப்தம்பர், அக்டோபர் திங்களில் சென்றால் திராட்சை அறுவடையைக் காணலாம். 2016-இல் திறக்கப்பெற்ற 'மது நகரம்' என்னும் காட்சியகத்தையும் காணலாம். ஆயினும் பங்குமாற்று மண்டபச் சதுக்கத்தின் மாளிகைகளில் செதுக்கிய முகங்களை ஒருகணம் நிமிர்ந்து நோக்க வேண்டும். அவற்றுள் ஆப்பிரிக்கர் முகங்களும் உள. அம்முகங்களுக்கும் ஆற்றுக்கும் இடையே ஒருகாலத்தில் தமிழகத்து நீலத்துணி மூட்டைகள் சென்றன. புறப்படுமுன் உறையூர்த் தறியோசையை ஒருமுறை கேட்டுச் செல்வோர்க்கு, அக்கற்கள் வழிகாட்டி நூல்கள் கூறாத செய்தியையும் கூறும்.